பறவைக்கு ஞாபகம் இருக்கா, எண்ணத் தெரியுமா? மலையில அடிக்கடி காதுல விழுற கேள்விகள்

கோத்தகிரி சுத்துவட்டாரத்துல லீவு நாள்ல பறவை பார்க்க வர்றவங்களைக் கூட்டிட்டுப் போறேன், சம்பளம் இல்லாத வேலைதான். பறவையோட பேரைக் கேட்டுட்டு விடுறவங்க கம்மி. டீ குடிக்க உக்காந்ததும் அது ஞாபகம் வெச்சுக்குமா, இது எண்ணுமான்னு ஆரம்பிச்சிடுவாங்க. கேள்வி பெரும்பாலும் ஒண்ணேதான், கேக்குற ஆள்தான் மாறுது, அதனால எழுதி வெச்சிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணா, பறவைக்கு உண்மையிலேயே ஞாபக சக்தி இருக்கா, இல்ல எல்லாம் வெறும் பழக்கமா?

இருக்கு. பழக்கம்னு நீங்க சொல்றதுக்கே ஞாபகம் வேணும்ல. இடம், முகம், நேரம், எவ்வளவு இருந்துச்சுங்கிற அளவு, இப்படித் தனித்தனியா பல விதமான ஞாபகம் இருக்கு, எல்லாப் பறவைக்கும் எல்லாமே ஒரே அளவுல இருக்காது. ஒண்ணுல கில்லாடியா இருக்கிற பறவை இன்னொண்ணுல சுத்தமா மக்கா இருக்கும்.

யாராவது என்கிட்ட கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது இதுதான்: அந்த ஞாபகம் இல்லன்னா அந்தப் பறவைக்கு என்ன நஷ்டம்? அதுக்குப் பதில் கிடைச்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். கீழ உள்ள பதில்கள்லயும் இதையே அடிக்கடி இழுப்பேன், பொறுத்துக்கோங்க.

தலையே கோலிக்குண்டு சைஸ்தான் இருக்கு, அதுக்குள்ள இவ்ளோ எப்படி சார் பத்தும்?

சைஸை விட உள்ள எவ்வளவு நெருக்கமா அடுக்கியிருக்குங்கிறதுதான் முக்கியம். 2016ல வந்த ஒரு ஆராய்ச்சியில பல பறவைகளோட மூளையில நியூரான் (நரம்பு செல்) எத்தனைன்னு எண்ணிப் பார்த்தாங்க. கிளி வகைக்கும் பாடும் பறவைகளுக்கும் (காக்காவும் இந்த வகையிலதான் வரும்) நியூரான் ரொம்ப நெருக்கமா இருக்கு. மக்காவ் கிளியோட முன்மூளையில இருக்கிற நியூரான் எண்ணிக்கை, அதை விடப் பெரிய மூளை இருக்கிற மக்காக் குரங்கோட கார்டெக்ஸ்ல (மூளையோட வெளி அடுக்கு) இருக்கிறதை விட அதிகம்.

இட ஞாபகத்துக்குன்னு ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு, நமக்கும் உண்டு. சாப்பாட்டை ஒளிச்சு வெச்சு எடுக்கிற பறவைகளுக்கு அந்தப் பகுதி, ஒளிக்காத சொந்தக்காரப் பறவைகளை விட, மூளை சைஸோட ஒப்பிட்டா பெருசா இருக்கு.

காக்கா நம்ம மூஞ்சியை ஞாபகம் வெச்சு வந்து கொத்தும்னு சொல்றாங்களே, நிஜமாவா இல்ல பயமுறுத்துறாங்களா?

நிஜம். அமெரிக்காவுல சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்துல ஜான் மார்ஸ்லஃப்னு ஒரு விஞ்ஞானி 2006ல குகை மனுஷன் ரப்பர் முகமூடி ஒண்ணைப் போட்டுக்கிட்டு சில காக்காவைப் பிடிச்சு வளையம் மாட்டி விட்டுட்டார். அப்புறம் அதே முகமூடியோட யார் நடந்தாலும் காக்கா கூட்டம் கத்தித் துரத்துச்சு, ஆள் குட்டையா நெட்டையா ஆணா பொண்ணாங்கிறதெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடி வேணுமேன்னு அப்போ துணை அதிபரா இருந்த டிக் செனியோட முகமூடியைப் போட்டுட்டு நடந்தாங்க, அவரைக் காக்கா பெருசா கண்டுக்கல.

இதுல பெரிய விஷயம், பிடிபட்ட காக்கா சிலதுதான், ஆனா வருஷம் போகப் போகக் கத்துற காக்கா எண்ணிக்கை கூடிட்டே போச்சு. பிடிபடாததும் குஞ்சுங்களும் மத்ததைப் பார்த்துக் கத்துக்கிச்சு. அதனால கூடு கட்டுற சீசன்ல ஒரு வீட்டு மொட்டை மாடியில ஒருத்தரை மட்டும் காக்கா குறி வெச்சுக் கொத்துதுன்னா, அவர் முன்னாடி எப்பவாவது கூட்டுப் பக்கம் கம்பு நீட்டினாரான்னு விசாரிச்சுப் பாருங்க.

காக்கா பன்னைத் தூக்கிட்டுப் போய் ஓட்டு இடுக்குல சொருகுறதைப் பார்த்தேன். திரும்ப எடுக்குமா, இல்ல மறந்துட்டுப் போயிடுமா?

பெரும்பாலும் எடுக்கும், அதுவும் சீக்கிரமே. இங்க பேக்கரி இருக்கிற தெருவுல காலையில கொஞ்ச நேரம் நின்னாலே இதைப் பார்க்கலாம். அண்டங்காக்கா ஒண்ணு உடைஞ்ச வர்க்கித் துண்டோட தகரக் கூரை ஓரம் வரும், மழைத்தண்ணி போற தகரத்துக்குள்ள அலகால அமுக்கி வெக்கும், தலையைச் சாய்ச்சு ஒரு தடவை பார்க்கும், பக்கத்துல கிடக்கிற சருகு ஒண்ணை எடுத்து மேல போடும், சரியில்லன்னு தோணுச்சோ என்னவோ அதைத் தள்ளிட்டு பாசிக் கட்டியைப் பிச்சு மூடும். அந்த நேரம் பார்த்து எதிர்க் கம்பத்துல இன்னொரு காக்கா உக்காந்துச்சுன்னா, வெச்சதை வெளிய எடுத்துட்டு வேற கூரைக்குப் பறந்துடும்.

இந்தக் கடைசி வேலையை லேப்லயும் சோதிச்சிருக்காங்க. காக்கா குடும்பத்துலயே ஸ்க்ரப் ஜேன்னு நீலக் கலர் பறவை ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு. இன்னொரு ஜே பார்க்கும்போது ஒளிச்சு வெச்சா, அப்புறம் தனியா இருக்கும்போது வந்து இடத்தை மாத்தி வெக்கும். முன்னாடி தானே அடுத்ததோடதைத் திருடி அனுபவப்பட்ட ஜேதான் இப்படி மாத்துச்சாம், திருடாத அப்பாவி ஜே மாத்தல. 2001ல நேதன் எமரியும் நிக்கோலா கிளேட்டனும் இதை வெளியிட்டாங்க. படிச்சப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, நம்ம ஆளுங்கள்லயும் இப்படித்தானே இருக்கு.

ஒளிச்சு வெக்கிறதுல பெரிய கில்லாடி எதுங்க?

க்ளார்க்ஸ் நட்கிராக்கர்னு வட அமெரிக்க மலைப் பறவை ஒண்ணு, இதுவும் காக்கா குடும்பம்தான். பைன் விதையை நாக்குக்கு அடியில இருக்கிற பையில நிறைச்சுக்கிட்டுப் பறந்து போய், மண்ணுல அங்கங்க சில விதைன்னு புதைக்கும். ஒரு சீசன்ல பத்தாயிரக்கணக்கான விதை. பனி மூடின பிறகு, மாசக்கணக்குல கழிச்சு, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துடும்.

மோப்பம் பிடிச்சு எடுக்குதோன்னு எல்லாரும் கேப்பாங்க. 1982ல ஸ்டீபன் வாண்டர் வால்ங்கிறவர் அதுக்கு அழகா ஒரு வேலை பண்ணார். ஒரு கூண்டுத் தரையில கல்லு கட்டையெல்லாம் அடையாளமா வெச்சு, பறவையை விதை புதைக்க விட்டார். அப்புறம் ஒரு பாதியில மட்டும் அந்த அடையாளங்களை 20 சென்டிமீட்டர் நகர்த்திட்டார். பறவை வந்து அந்தப் பாதியில கிட்டத்தட்ட அதே 20 சென்டிமீட்டர் தள்ளித் தோண்டுச்சு, விதை கிடைக்கல. மோப்பமா இருந்தா விதை மேலயே தோண்டியிருக்கும்ல. கல்லைப் பார்த்துதான் இடத்தைக் குறிச்சு வெச்சிருக்கு.

அப்போ நம்ம ஊட்டி குளிர்ல பட்டாணிக்குருவி இப்படிச் சேத்து வெக்காதா?

இந்தக் குருவியோட ரொம்ப நெருங்கின சொந்தம் ஐரோப்பாவுல இருக்கிற கிரேட் டிட். அது சேத்து வெக்காத கட்சி. அதே குடும்பத்துல மார்ஷ் டிட், வில்லோ டிட் எல்லாம் சேத்து வெக்கும். ஆனா கிரேட் டிட் சும்மா இல்ல, மார்ஷ் டிட் எங்க ஒளிக்குதுன்னு உக்காந்து பார்த்து அந்த இடத்தை ஞாபகம் வெச்சு அப்புறம் போய் எடுக்கும்.

முதல் பதில்ல சொன்ன நஷ்டக் கணக்கை இங்க போட்டுப் பாருங்க. டிசம்பர் ஜனவரியில ஊட்டி, அவலாஞ்சி பக்கம் புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெள்ளையாகும், ஆனா பத்து மணி வெயில் வந்தா போயிடும், மரப்பட்டைக்குள்ள பூச்சி இருந்துட்டேதான் இருக்கும். மாசக்கணக்கா எல்லாம் பனியில புதைஞ்சு கிடக்கிற ஊர்ல சேத்து வெக்கலன்னா சாவு. அமெரிக்காவுல சியரா நெவாடா மலையில இருக்கிற சிக்கடீ குருவிங்கள்ல (இதுவும் பட்டாணிக்குருவிக் குடும்பம்) பனி அதிகமான மேல் மலைக் குருவிக்கு இட ஞாபகம் கீழ் மலைக் குருவியை விட நல்லா இருக்குன்னு பார்த்திருக்காங்க. ஒரே இனம், ஒரே மலை, உயரம்தான் வேற.

எங்க வெச்சோம்னு மட்டும் தெரியுமா, எப்ப வெச்சோம்னும் தெரியுமா?

இதைக் கேட்டது குன்னூர்ல ஒரு காலேஜ் பொண்ணு, நல்ல கேள்வி. 1998ல கிளேட்டனும் ஆந்தனி டிக்கின்சனும் முன்னாடி சொன்ன ஸ்க்ரப் ஜேயை வெச்சே பதில் கண்டுபிடிச்சாங்க. அதுக்குப் புழுன்னா உசுரு, நிலக்கடலை ரெண்டாம்பட்சம். ஆனா புழு நாள் ஆனா கெட்டுப் போகும், கடலை போகாது. ரெண்டையும் வேற வேற இடத்துல ஒளிக்க விட்டாங்க. 4 மணி நேரம் கழிச்சு விட்டா நேரா புழு வெச்ச இடத்துக்குப் போச்சு. 124 மணி நேரம் கழிச்சு விட்டா புழுவைத் தொடாம கடலைக்குப் போச்சு.

அதாவது என்ன வெச்சோம், எங்க வெச்சோம், வெச்சு எவ்வளவு நேரமாச்சுங்கிற மூணையும் சேத்துப் பிடிச்சு வெச்சிருக்கு. நம்மளை மாதிரி 'அன்னைக்கு மழை பெஞ்சுது, நான் அங்க நின்னேன்'னு மனசுல ஓட்டிப் பார்க்குதான்னு யாரும் சொல்ல முடியாது, அதனாலதான் விஞ்ஞானிங்களும் நிகழ்வு ஞாபகம் 'மாதிரி'ன்னு ஜாக்கிரதையா சொல்றாங்க.

நான் தினமும் 12 மணிக்குச் சோறு வெக்கிறேன், காக்கா கரெக்டா வருதுங்க. அமாவாசையும் அதுக்குத் தெரியுமா?

12 மணி தெரியும். பறவை உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுது. 1980கள்ல ஜெர்மனியில ஹெர்பர்ட் பீபாக் கார்டன் வார்ப்ளர்ங்கிற சின்னக் குருவியை நாலு அறை இருக்கிற கூண்டுல விட்டார். காலையில முதல் 3 மணி நேரம் ஒரு அறையில சாப்பாடு, அடுத்த 3 மணி நேரம் வேற அறையில, இப்படி. கொஞ்ச நாள்ல எந்த நேரத்துக்கு எந்த அறைன்னு கத்துக்கிச்சு, அப்புறம் நாலு அறையிலயும் சாப்பாடு இருந்தப்பவும் நேரத்துக்கு ஏத்த அறைக்கேதான் போச்சு.

அமாவாசைக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம்ங்க. அன்னைக்குத் தெருவுல நாலு வீட்டுல இலை போட்டு 'கா கா'ன்னு கூப்பிடுவாங்க, ஒரு காக்கா இறங்குனா போதும், மத்தது தானா வரும்.

வாலாட்டிக் குருவி வருஷா வருஷம் எங்க எஸ்டேட் ஓடைக்கே வருது. அதேதான் வருதா? எப்படி வழி தெரியும்?

அதேதான்னு கால் வளையம் இல்லாம சத்தியம் பண்ண முடியாது. ஆனா குளிர்காலத்துக்கு வர்ற பல பறவைங்க போன வருஷம் தங்குன அதே இடத்துக்குத் திரும்புறது உலகம் பூரா வளையம் மாட்டிப் பார்த்த விஷயம், அதனால உங்க ஆளாவே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

வழி விஷயத்துல பெர்டெக்னு ஒரு டச்சுக்காரர் 1958ல வெளியிட்டது இன்னைக்கும் மறக்க முடியாத வேலை. வலசை போற வழியில ஹாலந்துல 11,000க்கும் மேல ஸ்டார்லிங் பறவையைப் பிடிச்சு, விமானத்துல ஸ்விட்சர்லாந்து கொண்டு போய் விட்டாங்க. முதல் தடவை வலசை போற இளசுங்க பிறவியில வந்த திசையிலயே நேரா போய் தெற்கு ஃபிரான்ஸ், ஸ்பெயின்னு தப்பான இடத்துல இறங்குச்சு. ஏற்கனவே போய் வந்த பெருசுங்க திசையை மாத்தி, வழக்கமான வடக்கு ஃபிரான்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்துச்சு. திசை பிறவியிலயே வருது, ஊரு அனுபவத்துல வருது. அந்த இளசுங்க அடுத்த குளிருக்கும் ஸ்பெயினுக்கே போச்சுங்கிறது கூடுதல் சுவாரசியம், முதல்ல பழகுன ஊர்தான் அதுக்கு ஊர்.

சரி அதை விடுங்க, எண்ணத் தெரியுமா? ஒண்ணு ரெண்டு மூணுன்னு?

அப்படி எண் சொல்லி வரிசையா எண்ணுறது இல்ல. ஆனா எது அதிகம், எது கம்மிங்கிற எண்ணிக்கை உணர்வு இருக்கு. தேயிலை பறிக்கிற அக்கா எடை போடுற இடத்துல நிக்கும்போது தராசைப் பார்க்காமயே யார் கூடையில இன்னைக்கு ஜாஸ்தின்னு சொல்லிடுவாங்க பாருங்க, அந்த மாதிரி. ரெண்டு கூடைக்கும் வித்தியாசம் நிறைய இருந்தா டக்குனு சொல்லுவாங்க, கிட்டக்கிட்ட இருந்தா தடுமாறுவாங்க. பறவைக்கும் அதேதான்: 1க்கும் 2க்கும் வித்தியாசம் சுலபம், 7க்கும் 8க்கும் கஷ்டம். விகிதம்தான் முக்கியம்.

பழக்கிக் கொடுத்தா இன்னும் மேல போகும். அலெக்ஸ்னு ஒரு ஆப்பிரிக்க சாம்பல் கிளி, ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்தது, 2007ல செத்துப் போச்சு, அது 6 வரைக்கும் இங்கிலீஷ்ல எண்ணிக்கையைச் சொல்லும். நியூசிலாந்துல 2011ல புறாவுக்கு 1, 2, 3 படத்தை மட்டும் வரிசைப்படுத்தப் பழக்கிட்டு அப்புறம் 9 வரைக்கும் புதுப் படத்தைக் காட்டினாங்க, அதையும் எது சின்னது எது பெருசுன்னு வரிசைப்படுத்துச்சு. கோயில் கோபுரத்துல உக்காந்திருக்கிற புறாவோட சாதிதான்.

இதெல்லாம் கூண்டுல வளர்த்ததுங்க. காட்டுல திரியிற பறவையை யாராவது டெஸ்ட் பண்ணிருக்காங்களா?

பண்ணிருக்காங்க, எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். நியூசிலாந்து ராபின்னு ஒரு சின்னக் காட்டுக் குருவி. அங்க எலி பூனைங்கிற பேச்சே இல்லாம லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்ததால மனுஷனைப் பார்த்தா பயமே இல்ல, ஷூ மேல வந்து உக்காரும். ஒரே வேளையில தின்னு முடிக்க முடியாத பெரிய பூச்சி, மண்புழுன்னு கிடைச்சா துண்டாக்கி அங்கங்க ஒளிக்கும், ஜோடிக்குள்ளயே ஒண்ணோடதை இன்னொண்ணு திருடும்.

சைமன் ஹன்ட், ஜேசன் லோ, கெவின் பர்ன்ஸ் மூணு பேரும் 2008ல வெளியிட்டாங்க. காட்டுக்குள்ள ராபின் பார்த்துட்டு இருக்கும்போதே ரெண்டு குழியில புழுவை ஒண்ணு ஒண்ணா போட்டு மூடிட்டாங்க. போட்ட பிறகு எந்தக் குழியில எத்தனைன்னு பார்க்க முடியாது, போடும்போது பார்த்ததை ஞாபகம் வெச்சாதான் உண்டு. எந்தப் பயிற்சியும் கொடுக்கல. ராபின் பெரும்பாலும் அதிகப் புழு இருக்கிற குழிக்கே போச்சு. புழு கூடக் கூடத் தப்பு கூடுச்சு, ஆனா ரெண்டு குழியிலயும் சேத்து 12 புழு வரைக்கும் குருட்டாம்போக்கை விட நல்லாவே தேர்ந்தெடுத்துச்சு. பயிற்சி இல்லாம பெரும்பாலான மிருகங்கள் நாலுக்குக் கீழதான் சமாளிக்கும்.

அப்புறம் ஒரு சின்ன ஏமாத்து வேலையும் பண்ணாங்க. போட்டதைப் பறவை பார்த்திருக்கும், ஆனா எடுக்கப் போனா அதுல ஒரு பங்குதான் கிடைக்கும். நிறைய எதிர்பார்த்துப் போன பறவை அதிக நேரம் தேடிட்டே இருந்துச்சு. வெச்சதுல குறையுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒளிச்சு வெச்சும் திருடியும் பிழைக்கிற பறவைக்கு எந்தப் பொந்துல ஜாஸ்தி இருக்குங்கிறது அன்னைய சாப்பாட்டு விஷயம், அதனால பயிற்சியே தேவைப்படல.

எண்ணிக்கைன்னு ஏன் சொல்லணும்? நிறைய புழு போட்டா நேரமும் அதிகமாகும், குவியலும் பெருசா இருக்கும், வாசனையும் ஜாஸ்தி. அதைப் பார்த்துப் போயிருக்கலாமே?

இதைக் கேட்டவர் ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், விடவே மாட்டார். அவர் சந்தேகம் நியாயம்தான், அந்த மூணு பேரும் அதையே யோசிச்சு நேரம், கன அளவு, போட்ட வரிசை, குழி இருக்கிற பக்கம், மோப்பம் சத்தம் எல்லாத்தையும் தனித்தனியா மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அது எதை வெச்சும் முடிவை விளக்க முடியல.

இவ்வளவு ஜாக்கிரதைக்குக் காரணம் ஒரு குதிரை. பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை கூட்டல் கணக்குக்கெல்லாம் குளம்பால தட்டி விடை சொல்லுதுன்னு ஊரே கும்பிட்டுச்சு. 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சார், சரியான தட்டு வந்ததும் கேள்வி கேக்குறவரோட முகமும் உடம்பும் லேசா மாறுது, குதிரை அதைப் பார்த்து நிறுத்துது. கேள்வி கேட்டவருக்கே விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல. இன்னைக்கு வாட்ஸப்ல வர்ற 'கணக்குப் போடும் கிளி' வீடியோவுக்கெல்லாம் என் முதல் கேள்வி, ஓனர் எங்க நிக்கிறார்?

நாலு வேட்டைக்காரன் குடிசைக்குள்ள போய் மூணு பேர் வெளிய வந்தா காக்கா கிட்ட வராது, அஞ்சு பேர் போனா குழம்பிடும்னு ஒரு கதை உண்டே?

ஐரோப்பாவுல தலைமுறை தலைமுறையா சொல்ற கதை, ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். கதையாவே வெச்சுக்கோங்க. ஆனா கதையில இருக்கிற எல்லை ரொம்பத் தப்பும் இல்ல: ஜெர்மனியில ஆட்டோ கோலர் போன நூற்றாண்டு நடுவுல ஜாக்டா, ரேவன்னு காக்கா சொந்தங்களை வெச்சு வருஷக்கணக்கா சோதிச்சப்ப 6, 7 வரைக்கும் போச்சு.

கூட்டுல மூணு குஞ்சுல ஒண்ணைப் பாம்பு எடுத்துட்டா அம்மாவுக்குத் தெரியுமா? பாவமா இருக்கு.

ஒண்ணு குறையுதுன்னு எண்ணிப் பார்த்து உணருறதுக்கு நல்ல ஆதாரம் நான் பார்க்கல. பாம்பு வந்தது தெரியும், அதுக்குத்தான் அந்தக் கத்து கத்துது. அதுக்கப்புறம் எவ்வளவு இரை கொண்டு வரணும்ங்கிறதைப் பெரும்பாலும் திறந்திருக்கிற வாயும் கத்துற சத்தமும்தான் முடிவு பண்ணுது.

இங்கிலாந்துல குக்கூ குயிலோட குஞ்சு நாணல் குருவிக் கூட்டுல தனியா இருந்துக்கிட்டு, ஒரு கூடு நிறைய குஞ்சு கத்துற மாதிரி வேகமாக் கத்தும். வளர்ப்புத் தாய் ஒரு கூட்டுக்கே கொண்டு வர்ற அளவு இரையை அது ஒண்ணுக்கே கொண்டு வந்து கொட்டும். கண்ணுக்கு முன்னாடி ஒரே ஒரு தடியன்தான் இருக்கான், காதுல நாலு பேர்.

முட்டையையாவது எண்ணுமா?

சிலது எண்ணுறதே இல்ல. வீட்டுக் கோழிக்கு ஒரு முட்டையை விட்டுட்டு மீதியை எடுத்தா போட்டுட்டே இருக்கும்னு பாட்டிங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல 19ம் நூற்றாண்டுல ஒருத்தர் ஃப்ளிக்கர் மரங்கொத்திக்கு அப்படியே செஞ்சு பார்த்தார், 73 நாள்ல 71 முட்டை போட்டுச்சு பாவம்.

எண்ணுறதுக்கு நல்ல உதாரணம் 'கூட்'னு (coot) ஒரு தண்ணிப் பறவை. கோயம்புத்தூர் குளங்கள்ல நெத்தியில வெள்ளை நாமத்தோட மிதக்கிற நாமக்கோழி தெரியும்ல, அதோட அமெரிக்கச் சொந்தம். பக்கத்துக் கூட்டுக்காரி கள்ளத்தனமா வந்து இதோட கூட்டுல முட்டை போட்டுட்டுப் போவா. ப்ரூஸ் லயன் 2003ல வெளியிட்டதுப்படி, கள்ள முட்டையை அடையாளம் கண்டுபிடிக்கிற பொண்ணுங்க, அது கூட்டுல கிடக்கும்போதே, தன் முட்டையை மட்டும் கணக்குல எடுத்து வழக்கமான எண்ணிக்கை வரைக்கும் போடுது. கண்டுபிடிக்காததுங்க அதையும் தன்னோடதா நினைச்சு ஒண்ணு கம்மியாப் போடுது. கலந்து கிடக்கிறதுல தன்னோடதை மட்டும் பிரிச்சு எண்ணுதுன்னா சும்மா இல்ல.

நல்லா மாட்டிக்கிட்டீங்க. காக்காவுக்கு முகம் ஞாபகம் இருக்கு, எண்ணிக்கை தெரியும்ங்கிறீங்க, அப்புறம் ஏன் குயில் முட்டையை அடைகாக்குது?

எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம். மேலே ஊட்டி டவுன்ல குயில் சத்தம் அவ்வளவா கிடையாது, மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குனா வெயில் காலத்துல கேட்டுட்டே இருக்கலாம்.

முதல்ல, குயில் முட்டை கொஞ்சம் சின்னதுதான், ஆனா நிறமும் பழுப்புப் புள்ளியும் காக்கா முட்டை மாதிரியே இருக்கும். ரெண்டாவது நம்ம நஷ்டக் கணக்கு. சந்தேகப்பட்டு ஒரு முட்டையைத் தள்ளிவிட்டு அது தன்னோடதா இருந்துட்டா நஷ்டம் நிச்சயம். தள்ளாம விட்டாலும் எல்லாமே போயிடாது, காக்கா கூட்டுல குயில் குஞ்சு மத்த குஞ்சுங்களைத் தள்ளாம கூடவே வளர்றது உண்டு. சந்தேகத்துக்கு விலை அதிகம்னா சந்தேகப்படாத பறவைதான் ஜெயிக்கும்.

ஆள் முகத்தைப் பிடிக்கிற திறமையும் முட்டையைப் பிரிக்கிற திறமையும் வேற வேற சாமான், ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. தவிட்டுக்குருவியும் இதே கதைதான், அதோட நீல முட்டைக்கு அக்காக்குயில் அச்சு அசலா நீல முட்டையே போடுது. பாவம் அது என்ன பண்ணும்.

காக்கா எத்தனை தடவை கத்துதோ அத்தனை விருந்தாளின்னு எங்க பாட்டி சொல்லும். எண்ணிக் கத்துமா என்ன? பூஜ்ஜியம் தெரியுமா?

விருந்தாளிக்கு நான் பொறுப்பு இல்ல. எண்ணிக் கத்துறது ஜெர்மனியில ட்யூபிங்கன்ல நடந்திருக்கு, ஆண்ட்ரியாஸ் நீடரோட குழு, 2024. மூணு காக்காவுக்குப் பழக்கிட்டு ஒரு அடையாளம் காட்டினா ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கேட்ட எண்ணிக்கைக்குக் கத்துச்சு. முதல் கத்தலோட தொனியை வெச்சே மொத்தம் எத்தனைன்னு கணிக்க முடிஞ்சது, அப்போ வாயைத் திறக்கும்போதே திட்டம் இருக்குன்னு அர்த்தம்.

அதே குழு 2021ல புள்ளியே இல்லாத வெத்துத் திரையையும் காக்கா ஒண்ணுக்கு முன்னாடி வர்ற ஒரு அளவா எடுத்துக்குதுன்னு காட்டினாங்க. வெத்தை 1ஓட குழப்பிக்கிற அளவுக்கு 4ஓட குழப்பிக்கல. அதுக்குன்னே நியூரானும் மூளையில இருந்துச்சு.

தேன்சிட்டுக்கு எந்தப் பூவுல குடிச்சோம்னு ஞாபகம் இருக்குமா?

தேன்சிட்டை விட அமெரிக்காவோட ஹம்மிங்பேர்டுலதான் நல்லா சோதிச்சிருக்காங்க, ரெண்டும் சொந்தம் இல்ல, தொழில் ஒண்ணு. சூசன் ஹீலி, ஆண்ட்ரூ ஹர்லி குழு கனடாவோட ராக்கி மலையில, காட்டுலயே. 2006ல எட்டு செயற்கைப் பூவுல பாதியை 10 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் பாதியை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் நிரப்புனாங்க. எது சீக்கிரம் நிரம்புதுன்னு கத்துக்கிட்டு அந்த நேரத்துக்கு ஏத்த மாதிரி திரும்ப வந்துச்சு. 2020ல ஒரே மாதிரி பத்துப் பூவை வரிசையா வெச்சு ஒண்ணுல மட்டும் சர்க்கரைத் தண்ணி. வரிசையை இடம் மாத்தி வெச்சாலும் 'நாலாவது' பூங்கிறதைப் பிடிச்சுக்கிச்சு.

அப்போ குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிறதும் ஞாபகம் இருக்குமா?

இருக்காது. நம்ம நீலக்குறிஞ்சி 2006, 2018ன்னு பூத்துச்சு. ரெண்டு பூப்பையும் பார்க்கிற அளவுக்கு ஒரு சின்னக் குருவி உசுரோட இருக்கிறதே அபூர்வம். அந்தக் கடிகாரம் செடிக்குள்ள இருக்கு. பூத்தா தேனீயும் குருவியும் கண்டுபிடிச்சு வந்துடும்.

நாங்களே இங்க ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சோலைக்குள்ளயும் கூட்டுப் பக்கமும் வேண்டவே வேண்டாம். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகவே கூடாது, நியூசிலாந்து ராபின் மாதிரி நம்ம சோலைக்கிளி (பேர்தான் கிளி, சின்னக் குருவிதான்) ஷூ மேல வந்து உக்காராது, கூட்டை விட்டுட்டுப் போயிடும். வழியில குரங்குக்கும் எதையும் போடாதீங்க.

வீட்டுல ஏற்கனவே வர்ற காக்கா இருந்தா போதும். அசையாத, ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் டம்ளர் எடுங்க, உள்ள இருக்கிறது தெரியக்கூடாது. காக்கா பார்க்கும்போது ஒண்ணுல 1 துண்டு, இன்னொண்ணுல 3 துண்டு சப்பாத்தி, ஒண்ணு ஒண்ணா போடுங்க. எந்தப் பக்கம் அதிகம்ங்கிறதைக் காசு சுண்டிப் போட்டு மாத்துங்க, இல்லன்னா அது வலது பக்கத்தைத்தான் கத்துக்கும். வாத்தியார் சொன்ன நேரப் பிரச்சனைக்கு, 1 துண்டு போடுற டம்ளர்ல கூட ரெண்டு தடவை வெறுங்கையை உள்ள விட்டு எடுங்க. முதல்ல எந்த டம்ளர்ல தலையை விடுதோ அதை மட்டும் குறிங்க. போட்டுட்டு கதவுக்குப் பின்னாடி போயிடுங்க, எழுதுறது எந்த டம்ளர்ல எத்தனைன்னு தெரியாத வேற ஆளா இருக்கணும், ஹான்ஸ் கதை ஞாபகம் இருக்குல்ல. தினமும் ஒரு தடவைக்கு மேல வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரங்க ஓட்டு மேல சப்பாத்தி சேந்துட்டா சண்டை உங்களுக்குத்தான் வரும்.